பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு

நான் எழுதிய முதல் அறிக்கையின்படி, செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் நீண்ட நாள் நோய் என்பதே கிட்டத்தட்ட கிடையாது. அப்படியே ஒன்றிரண்டு இருந்தாலும் அதற்காக யாரும் பெரிதாகச் செலவு செய்வதில்லை. இந்த உண்மையை நான் நான்கு தசம ஸ்தானம் வரைக்கும் கணக்கிட்டு வைத்திருந்தேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. கல்லூரியில் கணக்கும், அதற்கு மேல் ஒரு வருஷம் புள்ளியியலும் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் கடைத்தெருவில் நைனாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்றால் உட்கார்ந்து மட்டும்தான் இருந்தேன். புளி நிறுக்கச் சொன்னால் தராசு எத்தனை முறைக்கு ஒரு முறை தப்பும் என்று யோசிப்பேன். அதற்குள் புளி வாங்க வந்தவர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அந்த நிலையில்தான் சென்னையிலிருந்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வில் தற்காலிகக் கணக்கெடுப்பாளர் வேலை கிடைத்தது. டி.பி., இழுப்பு, சர்க்கரை, வாதம் என்று ஆளை மாதக்கணக்கில் படுக்க வைக்கிற நோய்களுக்குக் கிராமத்துக் குடும்பங்கள் எவ்வளவு செலவு செய்கின்றன என்று மதிப்பிடுகிற ஆய்வு.

"ஊரான் வூட்டு சீக்க எழுதறதுக்கா உன்ன காலேஜுக்கு அனுப்பனேன்?" என்றார் நைனா.

"எழுதறது இல்ல நைனா, எஸ்டிமேட் பண்றது."

"அப்படியா? நம்ம குடோன்ல உப்பு எத்தினி மூட்ட இருக்குதுன்னு எஸ்டிமேட் பண்ணு, பாக்கலாம்."

பண்ணினேன். இரண்டு மூட்டை தப்பாக வந்தது. அதை நான் ஏற்கத்தக்க பிழை என்றேன். நைனா வேறு வார்த்தை சொன்னார், அதை இங்கே எழுத முடியாது.

வேலையின் முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒவ்வொரு கிராமத்திலும் எல்லா வீடுகளையும் பட்டியல் போட வேண்டும். பிறகு சமவாய்ப்பு எண்கள் அச்சடித்த ஒரு சின்னப் புத்தகத்தைப் பிரித்து, அதில் வருகிற எண்களின்படி சில வீடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் என் விருப்பு வெறுப்புக்கு இடமே இல்லை என்பதை நிரூபிக்க, கிராம முன்சீப் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு பென்சிலைப் புத்தகத்தின் மேல் வைப்பேன். ஊர் முழுக்கச் சூழ்ந்து நின்று பார்க்கும். இது ஏதோ குலுக்கல் பரிசு என்றுதான் பலரும் நினைத்தார்கள். "எங்க வூட்டுக்கு நம்பர் வுழுந்துதா சார்?" என்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். நம்பர் விழுந்த வீட்டுக்காரர்கள் மகிழ்ச்சியோடு உட்காரப் பலகை போடுவார்கள். நான் உட்கார்ந்து, "இந்த வீட்டில் யாருக்காவது நீண்ட நாள் நோய் உண்டா?" என்று கேட்டதும் அவர்கள் முகம் மாறும்.

கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. கடந்த முப்பது நாளில் மருந்துச் செலவு, வைத்தியர் செலவு, மற்றவை. அதன் கீழே, நோய் தொடங்கிய நாளிலிருந்து ஆன மொத்தச் செலவு. தாளின் தலைப்பில் 'இரகசியம்' என்று அச்சிட்டிருந்தது. ஒரு வீட்டார் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்று எங்களுக்குப் பயிற்சியில் மூன்று முறை சொல்லியிருந்தார்கள். இன்னொரு விதியும் உண்டு. நம்பர் விழுந்த வீடு பூட்டிக் கிடந்தால், பட்டியலில் அடுத்து உள்ள வீட்டை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த விதியை விடப் பிடித்த விதி கிடையாது. வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவனுக்குப் பூட்டிய வீட்டைத் தேடி இன்னொரு தரம் வர வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்.

தொண்டூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்படி ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. ஒரே கூரையை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த வீடு. இந்தப் பக்கம் அண்ணன் குடும்பம், அந்தப் பக்கம் தம்பி குடும்பம். நம்பர் விழுந்தது அண்ணன் வீட்டுக்கு. கதவில் பூட்டு. பட்டியலில் அடுத்த வீடு தம்பியுடையது. தம்பி வாசலிலேயே நின்றிருந்தார். மார்பு அகன்ற, வெற்றிலைச் சிவப்பு மாறாத வாய் கொண்ட மனிதர்.

"சீக்கா? எங்க வூட்லயா?" என்று சிரித்தார். "தலவலி கூட வராது சார். பத்து பைசா செலவு கெடையாது, எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். எல்லாக் கட்டத்திலும் சுழியம். சுவருக்கு அந்தப் பக்கம் யார், எங்கே போனார்கள் என்று கேட்கவில்லை. கேட்கச் சொல்லிக் கட்டம் எதுவும் இல்லையே.

மாதக் கடைசியில் கூட்டிப் பெருக்கிச் சராசரி கண்டேன். எதிர்பார்த்ததை விட மிகக் குறைவாக வந்தது. நம் வட்டாரத்துக் காற்றும் கேழ்வரகுக் கூழும் மலைப்பாங்கான நிலமும் மக்களை நோய் அண்டாமல் காக்கின்றன என்று இங்கிலீஷில் ஒரு பக்கம் விளக்கம் எழுதினேன். அதை எழுதிய நாளில் எனக்கே சளி பிடித்திருந்தது.

அறிக்கையை மறுநாள் தபாலில் சேர்ப்பதாக இருந்தேன். மதியம் கடையில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் துணிப் பை, தூக்குவாளி, காலெல்லாம் பஸ் தூசி.

"சீக்கு செலவு எழுதற சார் நீங்கதான?" என்றாள். "எங்க வூட்டுக்கு வந்தீங்கன்னு பஸ்ல ஊர்க்காரங்க சொன்னாங்க. பூட்டியிருந்துதுன்னு போயிட்டீங்களாம். இப்ப வந்துட்டோம், எழுதிக்கோங்க."

அந்த அண்ணன் வீட்டுப் பெண் இவள்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விதியைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். உங்கள் வீட்டுக்குப் பதில் வேறு வீடு எழுதியாகிவிட்டது, இனிமேல் மாற்ற முடியாது என்றேன்.

"யார் வூடு?"

"அது இரகசியம்மா."

"எங்க கொழுந்தனார் வூடுதான? ஊரே சொல்லுது." கோபமெல்லாம் இல்லை, களைப்புதான் இருந்தது. "சீக்கு எங்க வூட்ல சார். அவுருக்கு நோவு இல்லன்னு எழுதிட்டு போனா எப்பிடி? நாங்க ஊர் சுத்தவா போனோம்? எங்க வூட்டுக்காரர தூக்கினு பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீக்காளி இருக்கற வூடு பூட்டித்தான் கெடக்கும்."

பஸ் ஸ்டாண்ட் பக்கம் கையைக் காட்டினாள். புளிய மரத்தடியில், மூட்டை ஒன்றில் சாய்ந்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாயில் துண்டைப் பொத்தியிருந்தார். தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது.

கல்லா மேசையில் இருந்த நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், எதிர்த்துப் பேசியிருப்பேன்.

அன்று என் மூளைக்கு எட்டியது இதுதான். பூட்டியிருந்த வீடுகளை எல்லாம் விட்டுவிட்டுத் திறந்திருந்த வீடுகளாகப் பார்த்து நான் எழுதியிருக்கிறேன். அதிகச் செலவு செய்கிறவன் அந்த நேரம் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறான். ஒரு வருஷம் புள்ளியியல் படித்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பரீட்சையில் கேட்டிருந்தால் எழுதியும் இருப்பேன், முழு மதிப்பெண்ணும் வாங்கியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதே நேரத்தில் ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் செய்துவிட்ட பெருமையும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. கண்டுபிடித்தது அவள். அந்த வாரம் சென்னைக்கு நான் எழுதிய நாலு பக்கக் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

பதிலில், பூட்டியிருந்த வீடுகளுக்கு மறுபடி போய் எழுதி வர அனுமதி தந்தார்கள். முதலில் அவள் வீட்டுக்குத்தான் போனேன்.

அவர் கட்டிலில் படுத்திருந்தார். அவள் தரையில் உட்கார்ந்து, விரல் விட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். டி.பி. வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு வாங்குவதில்லை. ஆகவே நான் பெரிதாக நினைத்திருந்த மருந்துக் கட்டம் பெரும்பாலும் காலி. ஆனால் ஊரிலிருந்து ரோட்டுக்கு வண்டிக் கூலி, பஸ், அங்கே இரண்டு பேருக்குச் சாப்பாடு, இருப்பு இல்லை என்ற நாளில் வெளியில் வாங்கிய ஊசி, ஊசி போட வீட்டுக்கு வந்த கம்பவுண்டருக்குக் கொடுத்தது, தினம் ஒரு முட்டை, அம்மனுக்கு நேர்ந்துவிட்ட ஆடு. எல்லாவற்றையும் 'மற்றவை' என்ற கட்டத்தில் திணித்தேன். கட்டம் போதாமல் ஓரத்தில் எழுதினேன். ஓரம் போதாமல் பின்பக்கம் போனேன்.

"சாத்துக்குடி," என்றார் கட்டிலில் இருந்தவர். அன்று அவர் பேசிய ஒரே சொல் அது.

"ஆமா, சாத்துக்குடி உட்டுட்டேன் பாரு," என்று அவள் நெற்றியில் தட்டிக்கொண்டாள். "ரெண்டு வருசமா நான் கள வெட்டப் போவல. அந்தக் கூலிய எதுல எழுதுவ?"

"வராத கூலி செலவு இல்லம்மா. கையிலிருந்து போனாத்தான் செலவு."

"அப்ப அது எங்க போச்சி?"

அதற்குக் கட்டம் இல்லை, நான் எழுதவில்லை. இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் பங்குக்கு வந்த மல்லாட்டைக் கொல்லையை, அந்த வேர்க்கடலை நிலத்தை, விற்றுவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவள் குரலைத் தாழ்த்தி, நடுச் சுவரைப் பார்த்தாள். கூட்டினால், இரண்டு வருஷத்துக்கு ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல் வந்தது. நான் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன். என் தாள்களிலேயே பெரிய தொகை அதுதான்.

மற்ற வீடுகளையும் முடித்துத் தாள்களைச் சென்னைக்கு அனுப்பினேன். ஒரு மாதத்துக்கு மேல் கழித்து, அவள் வீட்டுத் தாள் மட்டும் தனியாகத் திரும்பி வந்தது. மொத்தத் தொகையைச் சுற்றிச் சிவப்பு மையில் கனமான வட்டம். பக்கத்தில் மேலதிகாரியின் கையெழுத்தில், 'இந்த அளவு வருமானம் உள்ள குடும்பத்துக்கு நம்ப முடியாத தொகை. நேரில் சரிபார்க்கவும். இல்லையேல் நீக்கப்படும்.' அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மற்ற எண்களெல்லாம் ஒரு பக்கம் ஒடுங்கி நிற்க, ஒன்று மட்டும் எங்கோ நின்றால் சந்தேகப்படு என்றுதான் எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் கனமாகச் சுழித்திருப்பேன்.

நான் போன அன்று அவள் வீட்டு வாசலில் கூட்டம். அவள் கணவர் இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. காரியம் முடிந்து, பங்காளிகள் பேச்சுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முன்சீப் சொன்னார். சைக்கிளைத் திருப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

எழுந்து வந்தவள் என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. ஆனால் சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள்.

"அடிச்சிட்டாங்களா?"

"இல்லம்மா. சரி பார்க்கச் சொல்லியிருக்காங்க. தொகை அதிகமா இருக்குதாம்."

"பொய் சொல்லல தம்பி." அதுவரை சார் என்றவள் தம்பி என்றாள். "நெசமா செலவு பண்ணேன். அவர நான் சும்மா சாவ உடல. அத அடிக்க மட்டும் உட்டுடாத."

அவளுக்குப் பின்னால் கொழுந்தனார் குரலை உயர்த்தினார். விஷயம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கொல்லை விற்ற பணத்தில் பாதியைக்கூட அண்ணனுக்குச் செலவழிக்கவில்லை, மீதியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் என்பது அவர் பேச்சு. தர்மாஸ்பத்திரிக்கு ஏது செலவு என்று கேட்டார். அந்தப் பணம் திரும்பி வந்தால்தான் அண்ணன் பங்கு வீட்டில் அவளை இருக்க விடுவோம் என்பதுதான் அன்றைய பேச்சின் சாரம்.

"சார் எழுதினு போனாரு. கெவுருமெண்டு காயிதம்," என்றாள் அவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. பிறகு என்னிடம், "படி தம்பி."

தாளின் தலைப்பில் 'இரகசியம்' என்று இருந்தது. வாழ்நாளில் ஒரு விதியையும் மீறாதவன் நான். சைக்கிள் விளக்கு எரியவில்லை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். பயமாகத்தான் இருந்தது. முதல் வரியைப் படித்தபோது என் குரல் கீச்சென்று வந்தது, ஒரு கிழவர் சத்தமாகப் படி என்றார்.

"ஊரிலிருந்து ரோட்டுக்கு மாட்டு வண்டிக் கூலி."

"அது நம்ம வண்டிதான்," என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். "எத்தினி நட போட்டிருக்கேன்?" எத்தனை நடை என்று அவரே எண்ணினார். தாளில் இருந்ததை விட இரண்டு நடை கூட வந்தது.

"முட்டை, தினம் ஒன்று."

"நாந்தான குடுத்தேன்," என்றாள் வேலியோரம் நின்ற ஒரு பெண். "மழ நாள்ல கோழி முட்ட வெக்காத போனாலும் இந்தப் பொண்ணு எங்கியாவது தேடி வாங்கினு போவும்."

கம்பவுண்டருக்கு வழி காட்டி அழைத்து வந்தவர் ஒருவர் இருந்தார். சாத்துக்குடி வாங்கி வரச் சொல்லி அனுப்பப்பட்டவர் ஒருவர் இருந்தார். சென்னையிலிருந்து கேட்ட சரிபார்ப்பு அங்கே ஊர்க் கூட்டத்தில் வரி வரியாக நடந்துகொண்டிருந்தது. நான் செய்தது படித்தது ஒன்றுதான்.

"அம்மனுக்கு ஆடு."

எல்லோரும் கொழுந்தனாரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு வெற்றிலையை மென்றார்.

"நாந்தான் புடிச்சினு போனேன்," என்றார் கடைசியில்.

மொத்தத்தைப் படித்தேன். கொல்லை விற்ற தொகைக்கு மேலேயே வந்திருந்தது. மீதிக்கு அவள் காதிலும் மூக்கிலும் இருந்தது போயிருக்கிறது, அதையும் படித்தேன். கொழுந்தனார் எழுந்து வந்து தாளை எட்டிப் பார்த்தார். அவருக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. சிவப்பு மையின் மேல் விரலை வைத்தார்.

"இது இன்னா, சுழிச்சிருக்குது?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"பெரிய ஆபீசர் போட்டது," என்றேன். "கணக்கு சரின்னு."

பொய் சொல்லும்போது என் காது சிவந்துவிடும். வெயில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. கொழுந்தனார் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அண்ணிய வூட்ட வுட்டு போச்சொல்லி நான் எப்ப சொன்னேன்?" என்று பொதுவாகக் கூட்டத்தைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். சொல்லியிருந்தார், அரை மணி நேரத்துக்கு முன்னால். அதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

ஊர் சாட்சியோடு ஒவ்வொரு தொகையும் சரிபார்க்கப்பட்டது என்று எழுதித் தாளைத் திருப்பி அனுப்பினேன். கூடுதலாக வந்த இரண்டு நடை வண்டிக் கூலியையும் சேர்த்தேன்.

சில மாதம் கழித்து அறிக்கை வந்தது. சைக்ளோஸ்டைல் பண்ணியது, மை கையில் ஒட்டியது. பின்னிணைப்பில் என்னைப் போன்ற கணக்கெடுப்பாளர்களுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள், அதை நைனாவிடம் காட்டினேன். எங்கள் வட்டாரத்துச் சராசரி ஒரு வரியில் இருந்தது. என் கையில் தாள்களின் நகல் இருந்தது. கடையின் பின்னறையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். அவள் வீட்டைச் சேர்த்தால் அந்தச் சராசரி வரவில்லை. எடுத்துவிட்டுக் கூட்டினால் கடைசி பைசா வரை சரியாக வந்தது. மூன்று தரம் பார்த்தேன். அன்றைக்கு மட்டும் என் கணக்கு தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அந்த வாரச் சந்தை நாளில் அவள் கடைக்கு வந்தாள். களை வெட்டப் போகிறாளாம், கை காய்த்திருந்தது. அரை லிட்டர் கிருஷ்ணாயில் கேட்டாள். நான் புனல் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தபோது, "மெட்ராஸ்ல அந்தக் காயிதம் போயி சேந்துதா தம்பி?" என்றாள்.

"சேர்ந்ததும்மா."

"அவுருக்கு நாங்க செஞ்சது அங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்," என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கிருஷ்ணாயில் பாட்டிலை முந்தானையால் துடைத்துப் பையில் வைத்தாள்.

"அது போதும்," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.